'போலாம் ரைட்' சொல்வது யார்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, நீ கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டுறியாமே, அதைப்பத்தி ஒரு அரைமணி நேரம் பேசு" என்றார். நான் எலக்ட்ரிக்கல் படித்தவன். விமானத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று முதலில் தயங்கினேன். திண்டிவனத்துக்கும் விமான நிலையம் கிடையாது, விழுப்புரத்துக்கும் கிடையாது. உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர் காலத்தில் ஆங்கிலேயர் போட்ட ஓடுதளம் ஒன்று இருக்கிறது. மற்றபடி நமக்கெல்லாம் தெரிந்த டேக்-ஆஃப், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இருந்து பஸ் கிளம்புவதுதான்.

யோசித்துப் பார்த்தால் அதிலேயே எல்லாம் இருக்கிறது. கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிற்கணும். இரண்டு விசில் அடித்தால் போகணும். 'ஹோல்டான்' என்றால் நில், 'போலாம் ரைட்' என்றால் கிளம்பு. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, ஆள் எல்லாம் ஏறியாச்சு என்று தானே முடிவு செய்து வண்டியை எடுப்பதில்லை. அந்த வார்த்தை வரணும். அதுவும் உரிய ஆளிடமிருந்து வரணும். படிக்கட்டில் தொங்குகிற நம்ம பையன் ஒருவன் குரலை மாற்றி 'ரைட்' என்று கத்தி, வண்டி கிளம்பி, கண்டக்டர் டீ கிளாசோடு பின்னாலேயே ஓடி வந்த கதை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கத்தியது யார் என்று இந்த மேடையில் நான் சொல்லப் போவதில்லை. அவர் இப்போது பெரிய பதவியில் இருக்கிறார்.

இன்றைக்கு நான் பேச வந்தது இந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான். கிளம்பலாம் என்பதை யார் சொல்வது, எப்போது சொல்வது, எந்தச் சொல்லால் சொல்வது?

விமானம் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு புதிதல்ல. மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் முதல் ஃபிளைட் சிமுலேட்டரை 1982-லேயே வெளியிட்டது. நாங்கள் திண்டிவனத்தில் ரூம் எடுத்துத் தங்கிப் படித்த காலத்தில், 2006-இல் வெளிவந்த பதிப்பு ஒன்றை ஒரு சீனியர் தன் அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தார். மூன்றாவது செமஸ்டரில் எனக்கு விழுந்த இரண்டு அரியருக்கு அதுதான் காரணம்.

அந்த விளையாட்டில் கண்ட்ரோல் டவரோடு பேசுவது சுலபம். திரையில் ஒரு பட்டியல் வரும். 'டேக்-ஆஃப் அனுமதி வேண்டும், வடக்கே போகிறேன்', 'டேக்-ஆஃப் அனுமதி வேண்டும், கிழக்கே போகிறேன்', 'இங்கேயே சுற்றி வந்து மறுபடி இறங்குவேன்' என்று வரிசையாக இருக்கும். ஒரு எண்ணை அழுத்தினால் போதும். நாங்கள் படித்துப் பார்க்காமலே ஏதோ ஒன்றை அழுத்துவோம். கிழக்கு என்று சொல்லிவிட்டு மேற்கே போவோம். அனுமதி வருவதற்கு முன்பே ஆக்சிலரேட்டரைத் தள்ளுவோம். டவர் கொஞ்சம் திட்டும். அவ்வளவுதான். கேட்பது ஒரு மெஷின், யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

வேலைக்குப் போன பிறகு, வாட்சிம் என்ற வலையமைப்பு பற்றித் தெரிந்துகொண்டேன். 2001 முதல் இயங்கி வருகிறது. இதில் சிமுலேட்டரில் விமானம் ஓட்டுபவர்களும் மனிதர்கள், கண்ட்ரோலராக உட்கார்ந்திருப்பவர்களும் மனிதர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லாம் ஆர்வத்தில் செய்வது. கண்ட்ரோலராக வேண்டும் என்றால் அதற்குப் பயிற்சியும் தேர்வும் உண்டு. நிஜத்தில் பேசும் முறைப்படியே மைக்கில் பேச வேண்டும்.

ஒரு சனிக்கிழமை இரவு, சென்னை ஓடுதளம் 07-இன் வாசலில் என் விமானத்தை நிறுத்தியிருந்தேன். 07 என்றால் திசைகாட்டியில் ஏறக்குறைய 70 டிகிரி பார்த்த ஓடுதளம் என்று பொருள். அதையே எதிர்ப்பக்கமிருந்து பயன்படுத்தினால் 25. டவரில் இருந்தவர் ஆங்கிலத்தில், 'ஓடுதளத்தில் வந்து நேராக நின்று காத்திருங்கள்' என்றார். நான் கம்பீரமாக 'ரோஜர்' என்று ஒரே வார்த்தை சொன்னேன். ஓடுதளத்தில் ஏறினேன். முன்னால் காலியாகத் தெரிந்தது. கிளம்பிவிட்டேன். பாதி தூரத்தில் இன்னொருவருடைய விமானம் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. 'உடனே நிறுத்துங்கள்' என்று இரண்டு தடவை குரல் வந்தது. எங்கே நிறுத்துவது? அவருடைய விமானத்துக்குள் நான் புகுந்து மறுபக்கம் வந்தேன்.

அந்தக் கண்ட்ரோலர் கோபப்படவில்லை. பிறகு தனியாக எழுதினார். வயதில் என்னைவிடச் சின்னப் பையன். 'சார், ரோஜர் என்றால் நீங்கள் சொன்னது முழுசாகக் காதில் விழுந்தது என்று மட்டும்தான் அர்த்தம். புரிந்தது என்றோ, அப்படியே செய்கிறேன் என்றோ அர்த்தமில்லை. நான் காத்திருங்கள் என்றதை நீங்கள் திருப்பிச் சொல்லியிருந்தால், உங்கள் வாயாலேயே அது உங்கள் மண்டைக்குள் போயிருக்கும். டெனரீஃப் பற்றிப் படியுங்கள்.' இதுதான் அவர் எழுதியதன் சாரம்.

படித்தேன். அன்று இரவு தூங்கவில்லை.

1977 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகள். லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே போக வேண்டிய விமானங்களைப் பக்கத்துத் தீவான டெனரீஃபின் சின்ன விமான நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். நம்ம ஊர் சந்தைமேட்டில் தீபாவளிக்கு முதல் நாள் வண்டி நிற்கிற மாதிரி அங்கே விமானங்கள் அடைத்துக்கொண்டு நின்றன. சாயங்காலம் பனிமூட்டம் இறங்கியது. டவரில் இருப்பவர்களுக்கு ஓடுதளம் தெரியவில்லை. தரையில் நகர்வதைக் காட்டும் ரேடாரும் அங்கே இல்லை.

இரண்டு போயிங் 747 ஜம்போ விமானங்கள். ஒன்று டச்சு நிறுவனமான கே.எல்.எம்., மற்றொன்று அமெரிக்காவின் பான் ஆம். கே.எல்.எம். ஓடுதளத்தின் ஒரு முனைக்குப் போய்த் திரும்பி, கிளம்பத் தயாராக நிற்கிறது. பான் ஆம் அதே ஓடுதளத்தில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. ஒருவருக்கொருவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

கே.எல்.எம். கேப்டன் எஞ்சினுக்கு வேகம் கொடுக்கத் தொடங்குகிறார். துணை விமானி, 'இன்னும் அனுமதி வரவில்லையே' என்கிறார். 'தெரியும், கேள்' என்கிறார் கேப்டன். துணை விமானி கேட்கிறார். டவர் கொடுத்தது வழித்தட அனுமதி. அதாவது, கிளம்பிய பிறகு எந்த உயரத்துக்கு ஏற வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற விவரம். கிளம்பலாம் என்ற அனுமதி அதில் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் 'டேக்-ஆஃபுக்குப் பிறகு வலது பக்கம் திரும்பி' என்று அந்த வார்த்தை வந்துவிட்டது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி, கடைசியில், 'வி ஆர் நவ் அட் டேக்-ஆஃப்' என்றார்.

நண்பர்களே, இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம்? டேக்-ஆஃப் செய்யும் இடத்தில் தயாராக நிற்கிறோம் என்றா, டேக்-ஆஃப் செய்துகொண்டிருக்கிறோம் என்றா? டவரில் இருந்தவர் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டார். உள்ளே விமானம் ஓட ஆரம்பித்துவிட்டது.

டவர் 'ஓகே' என்றது. சற்று இடைவெளி. பிறகு 'டேக்-ஆஃபுக்குக் காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்' என்றது. அதே விநாடியில் பான் ஆம் விமானி பதறி, 'நாங்கள் இன்னும் ஓடுதளத்தில்தான் வந்துகொண்டிருக்கிறோம்' என்றார். இந்த ரேடியோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் சேர்ந்து பேசியதில் கே.எல்.எம். விமானிகளின் காதில் 'ஓகே' மட்டும் தெளிவாக விழுந்தது. மீதி எல்லாம் ஒரு கீச்சொலியோடு கலந்துவிட்டது. பின்னால் இருந்த ஃபிளைட் எஞ்சினியர் மட்டும், 'அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையா?' என்று கேட்டார். 'விலகியாச்சு' என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம்.மில் இருந்த 248 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பான் ஆமில் இருந்த 396 பேரில் 61 பேர் மட்டுமே தப்பினார்கள். விமான விபத்து வரலாற்றிலேயே இவ்வளவு பேர் இறந்த விபத்து வேறில்லை.

இதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. அந்தக் கேப்டன் சாதாரண ஆள் இல்லை. கே.எல்.எம். நிறுவனத்தில் 747 விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவுக்கே தலைவர். பத்து வருஷத்துக்கு மேல் பயிற்சியாளராக இருந்தவர். ஸ்பெயின் விசாரணை அறிக்கை ஒன்றைக் குறிப்பிட்டது. சிமுலேட்டரில் பயிற்சி கொடுக்கும்போது கண்ட்ரோலர் வேடத்தையும் பயிற்சியாளரே போடுவார். டேக்-ஆஃப் அனுமதியை அவரே கொடுத்துவிடுவார். பல நேரம் ரேடியோ பேச்சே இல்லாமல் கிளம்பிவிடுவதும் உண்டு. அதாவது, அனுமதிக்காகக் காத்திருக்கும் பழக்கம் அங்கே தேய்ந்துபோகிறது.

நான் திண்டிவனம் ரூமில் செய்ததும் அதுதானே! டிரைவரும் நானே, கண்டக்டரும் நானே.

இந்த விபத்துக்குப் பிறகு உலகம் முழுக்க விமானப் பேச்சு முறையை இறுக்கினார்கள். அதைத்தான் வாட்சிம்மிலும் பின்பற்றச் சொல்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் யாராவது இந்த விளையாட்டை ஆடினால் உதவும்.

முதலாவது, 'டேக்-ஆஃப்' என்ற வார்த்தையைச் சும்மா எடுக்கக் கூடாது. அனுமதி கொடுக்கும்போதும், கொடுத்ததை ரத்து செய்யும்போதும் மட்டுமே அந்த வார்த்தை. மற்ற எல்லா நேரத்திலும் 'டிபார்ச்சர்' என்றுதான் சொல்ல வேண்டும். தயாராக இருக்கிறேன் என்று சொல்ல, 'ரெடி ஃபார் டிபார்ச்சர்'. 'ரெடி ஃபார் டேக்-ஆஃப்' என்று சொல்லவே கூடாது. கோயிலில் கர்ப்பக்கிரகத்துக்கு ஒரு மரியாதை இருக்கிற மாதிரி அந்த வார்த்தைக்கு ஒரு மரியாதை.

இரண்டாவது, அனுமதி ஒன்றல்ல, பல. வழித்தட அனுமதி வேறு. ஓடுதளத்தின் வாசல் வரை ஊர்ந்து வரும் அனுமதி வேறு. ஓடுதளத்தில் ஏறி நின்று காத்திருக்கும் அனுமதி வேறு. கிளம்பும் அனுமதி வேறு. முதல் மூன்றும் கையில் இருந்தாலும் நாலாவது இருப்பதாக ஆகாது.

மூன்றாவது, திருப்பிச் சொல்வது. டவர் 'ஓடுதளம் 07, டேக்-ஆஃப் அனுமதி' என்றால், ஓடுதள எண்ணோடும் நம் விமானத்தின் பெயரோடும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஓகே' போதாது, 'ரோஜர்' போதாது. சொன்னவர் அதைக் கேட்டுச் சரிபார்ப்பதும் அவர் கடமை. எண்களைக்கூட மாற்றித்தான் உச்சரிப்பார்கள். த்ரீ என்பது 'ட்ரீ', ஃபைவ் என்பது 'ஃபைஃப்', நைன் என்பது 'நைனர்'. இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் குழம்பக் கூடாது என்பதற்காக.

நான்காவது, டவரில் ஆளே இல்லாதபோதும் பேச வேண்டும். வாட்சிம்மில் கண்ட்ரோலர் இல்லாத நேரத்தில் 122.800 என்ற பொது அலைவரிசையில், நான் இன்னார், இந்த ஊர், இந்த ஓடுதளம், இந்தத் திசையில் போகிறேன் என்று அறிவிக்க வேண்டும். உதாரணமாக, புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருந்து கிளம்பி வடக்கே சென்னைக்கு என்றால், வடக்கே என்பதையும் சேர்த்துச் சொல்லணும். அப்போதுதான் வடக்கே இருந்து இறங்கி வருகிறவர் ஒதுங்குவார். சொன்ன திசையிலேயே போகவும் வேண்டும்!

நம் நாட்டுக்கும் இந்தப் பாடத்தில் ஒரு பங்கு உண்டு. 1996 நவம்பர் 12 அன்று, டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி என்ற இடத்தின் மேலே, டெல்லியில் இருந்து கிளம்பிய சவூதி விமானமும் இறங்கி வந்த கஜகஸ்தான் விமானமும் நடுவானில் மோதி 349 பேர் இறந்தார்கள். சவூதி விமானத்துக்கு 14,000 அடி, கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி என்று டவர் சரியாகத்தான் சொல்லியிருந்தது. கஜகஸ்தான் விமானத்தில் ரேடியோ பேச ஒருவர், ஓட்ட வேறொருவர். அந்த விமானம் 15,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. டவர் வாய்க்கும் விமானியின் கைக்கும் நடுவே எங்கோ அந்த எண் தொலைந்தது.

இப்போது என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். மயிலத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட்டில் கேட் கீப்பராக இருந்தவர். ரயில் வருவதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்து, இன்ன வண்டி வருது, கேட்டைப் போடு என்பார். அப்பா கேட்டைச் சாத்திப் பூட்டிவிட்டு வந்து ஒரு எண் சொல்வார். பிரைவேட் நம்பர் என்று பெயர். அச்சடித்த தாளில் வரிசையில்லாமல் எண்கள் இருக்கும். ஒன்றைச் சொன்னதும் அதை அடித்துவிடணும். இந்தப் பக்கமும் எழுதணும், அந்தப் பக்கமும் எழுதணும்.

சின்ன வயதில் நான் கேட்டேன், "ஏம்ப்பா, 'போட்டாச்சு'ன்னு சொன்னா போதாதா? எதுக்கு நம்பர்?"

"போட்டாச்சுன்னு தூக்கத்துலகூட சொல்லலாம்டா. நம்பரைத் தாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றார்.

டெனரீஃப் பற்றிப் படித்தபோது அந்தப் பதில்தான் ஞாபகம் வந்தது. ரயில்வேயில் வண்டிக்குக் கொடுக்கும் அனுமதிக்குப் பெயர் லைன் கிளியர். எங்கள் மின்சாரத் துறையிலும் அதே பெயர்தான், எல்.சி. என்போம். லைனில் வேலை செய்யப் போகிறவர் எல்.சி. வாங்கணும். வேலை முடிந்ததும், ஆட்கள் இறங்கியாச்சு, எர்த் ராடுகளை எடுத்தாச்சு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கணும். அதன் பிறகுதான் சப்ளை.

இவ்வளவு தெரிந்த நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கினால் அது நேர்மையாகாது.

2019-இல் ஒரு தொழிற்சாலையில் 33 கே.வி. லைன் வேலை. பெயர் வேண்டாம். நான் கண்ட்ரோல் ரூமில். இரண்டு கிலோமீட்டர் தள்ளி நாலு பேர் கம்பத்தில். மாலை ஐந்து மணி. கம்பெனிக்காரர்கள் சப்ளை எங்கே, சப்ளை எங்கே என்று தலைமேல் நிற்கிறார்கள். சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். டவர் சரியாக இல்லை, குரல் விட்டு விட்டு வருகிறது.

"எடுத்தாச்சா?" என்றேன்.

"எடுத்தாச்சு சார்" என்றார்.

"ஓகே" என்று வைத்துவிட்டு, ஆபரேட்டரிடம், "போடலாம்ணே" என்றேன்.

அவர் ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த மனிதர். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "எல்.சி. திரும்பி வரலையே சார்" என்றார். "போன்ல சொல்லிட்டாங்கண்ணே, பேப்பர் வந்துக்கிட்டே இருக்கு" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "எதை எடுத்தாங்களாம்? கேளுங்க" என்றார்.

எரிச்சலோடு மறுபடி போன் போட்டேன். "எதைய்யா எடுத்தீங்க?"

"போட்டோதான் சார். காலையில எடுக்கச் சொன்னீங்களே. ஆளுங்க மேலதான் இருக்காங்க, கடைசி கிளாம்ப் டைட் பண்றாங்க."

நான் எர்த் ராடைக் கேட்டேன். அவர் போட்டோவைச் சொன்னார். தமிழில் இரண்டுக்கும் 'எடுத்தாச்சு'தான். எர்த் ராடு இருந்தால் பிரேக்கர் ட்ரிப் ஆகியிருக்குமே என்று இங்கே உள்ள எலக்ட்ரிக்கல்காரர்கள் நினைக்கலாம். ஆகியிருக்கலாம். ஆனால் கம்பத்தில் நாலு பேரை வைத்துக்கொண்டு அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர்களில் ஒருவருக்கு அந்த மாதம்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. நாங்கள் எல்லோரும் இனிப்பு சாப்பிட்டிருந்தோம்.

டெனரீஃப் கதையை அதற்கு முன் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன். இருந்தும் அவசரம் வந்தபோது என் வாயில் வந்தது அதே 'ஓகே'. தெரிந்துவைத்திருப்பது வேறு, பழக்கத்தில் இருப்பது வேறு. அன்று என்னைக் காப்பாற்றியது என் படிப்பு இல்லை. பேப்பர் வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்ற ஒரு ஆபரேட்டரின் பிடிவாதம்.

அன்றிலிருந்து எங்கள் சைட்டில் 'எடுத்தாச்சு', 'போட்டாச்சு', 'ஆச்சு' என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது. 'எர்த் ராடு மூணும் எடுத்தாச்சு, நாலு பேரும் தரையில இருக்கோம்' என்று முழுசாகச் சொல்லணும். கேட்பவர் அதைத் திருப்பிச் சொல்லணும். 'சப்ளை கொடு' என்பதை அந்த ஒரு கட்டத்தைத் தவிர வேறு எப்போதும் யாரும் உச்சரிக்கக் கூடாது. புதுப் பையன்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்கள்தான் என்னைத் திருத்துகிறார்கள்.

நான் சிமுலேட்டரை விடவில்லை. ஆனால் இப்போது டேக்-ஆஃபுக்காக ஆடுவதில்லை, காத்திருப்பதற்காக ஆடுகிறேன். யாரும் சாகாத இடத்தில் தப்பு செய்து பழகிக்கொள்ளலாம். ஆனால் யாரும் சாகமாட்டார்கள் என்பதற்காக அங்கே தப்பாகவே பழகினால், அந்தப் பழக்கம் நம்மோடு வேலைக்கும் வரும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். லேபுக்கு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்கிறோம், பரிசு கொடுக்கிறோம், நல்லது. அதோடு வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை கடைசி வருஷ மாணவர்களை இரண்டு அறையில் உட்கார வைத்து, நடுவே ஒரு போனை மட்டும் கொடுத்து, ஒரு சர்க்யூட்டை ஒருவன் சொல்ல இன்னொருவன் போடும்படி பழக்குவோம். திருப்பிச் சொல்லாதவன் சுவிட்சைத் தொடக் கூடாது. செலவு ஒன்றும் இல்லை. நான் வந்து நடத்திக் கொடுக்கிறேன். அந்த ஆபரேட்டர் அண்ணனையும் கூட்டி வருகிறேன். அவர் இப்போது ஓய்வில்தான் இருக்கிறார்.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாடு தயார் என்று அர்த்தமா, பேச்சை முடி என்று அர்த்தமா தெரியவில்லை. முறைப்படி அவரே மைக்கில் வந்து 'போலாம் ரைட்' என்று சொன்னால், எல்லோரும் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போகலாம்.